கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துண்டு

நேற்று சாயங்காலம் ஏரிக்கரைப் பெஞ்சில் பாங்கிக்காரர் ஒரு கேள்வி போட்டாரே, "ரவிக்கைன்னு சொல்றோமே, அந்த வார்த்தை எங்கேருந்து வந்தது?" என்று. உடனே நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிட்டீர்கள். ஒருவர் தெலுங்கு என்றார். ஒருவர் கன்னடம் என்றார். தமிழாசிரியராக இருந்தவர் சண்டைக்கே வந்துவிட்டார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிழவிக்குக் காது போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை நான் ஒன்பது வயதில், நவராத்திரியிலிருந்து பொங்கல் நெருங்கும் வரைக்கும், ஞாயிறு தவறாமல் கேட்டவள். அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல எனக்கு வராது, அவ்வளவுதான். பேச வராததை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கண் தெளிவாக இருக்கிறவர் யாராவது உரக்கப் படியுங்கள். நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு. இதே அல்சூர்தான். இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தின் கடைசி வீடு எங்களுடையது. அந்த நாளில் பெங்களூர்க் குளிர் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கார்த்திகை, மார்கழியில் ஏரியிலிருந்து கிளம்பும் பனி சந்துக்குள் நுழைந்து, ஓட்டு இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். விடிந்து கண்ணைத் திறந்தால் கூடத்துத் தூண் பாதிதான் தெரியும். தண்டு என்று நாம் சொல்வோமே, பட்டாளப் பக்கம், அங்கிருந்து பிகில் சத்தம் வரும். குதிரை லாயத்து வாசனை, சருகு எரிகிற வாசனை, அம்மா வறுக்கிற காப்பிக்கொட்டை வாசனை. எது எந்த நாளைச் சேர்ந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே காலையாகச் சேர்ந்து கிடக்கிறது.

அப்பாவுக்கு சர்க்கார் ஆபீசில் எழுத்து வேலை. அவருக்கு ஒரே பைத்தியம், வார்த்தைகள். ஒரு வார்த்தை எங்கே பிறந்தது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று தேடித் தேடி, சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்டிதர் வருவார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். இருவரும் முன்கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் அவர்களிடம் மாட்டிக்கொண்ட வார்த்தை ரவிக்கை.

"ரவின்னா சூரியன். கைன்னா கை. வெயில் படாம கையை மறைக்கிறதால ரவிக்கை. எவ்வளவு பொருத்தம் பாருங்க," என்பார் பண்டிதர்.

"நம்ம ஊர்ல வெயில் எங்கேங்க இருக்கு?" என்று அப்பா சிரிப்பார். "தெலுங்குல ரவிக. கன்னடத்துல ரவிகெ. அந்தப் பக்கத்துலேருந்துதான் நமக்கு வந்திருக்கணும்."

"அப்போ சட்டையைப் பழைய தமிழ்ல குப்பாயம்னாங்களே? கச்சு? அதெல்லாம்?"

"குப்பாயத்தைக் கன்னடக்காரங்க குப்பஸங்கிறாங்க. அதுக்கும் மூலம் வடமொழின்னு சொல்றாங்க."

பண்டிதர் விடமாட்டார். பழைய நூல்களில் கச்சுக்கு வம்பு என்றும் ஒரு பெயர் உண்டு என்பார். சமையலறையில் அம்மா, "அது சரியான பேருதான்," என்று முணுமுணுப்பாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் காப்பி கொண்டுவந்து வைப்பவள் அத்தை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பதின்மூன்றில் கல்யாணம். பதினைந்தில் புருஷன் போய், எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். நான் சொல்கிற சமயத்தில் அவளுக்குப் பத்தொன்பது. வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு. ரவிக்கை கிடையாது. நம் வீடுகளில் அப்போது அப்படித்தானே? பூ போயிற்று, பொட்டு போயிற்று, அதோடு ரவிக்கையும் போயிற்று. அத்தை முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்து, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருப்பாள். அந்த ஒரு கை எப்போதும் அதற்குத்தான். மிச்சமிருக்கிற கையால் வீட்டு வேலை. அதனால் இரண்டு பேருக்குக் காப்பி என்றால் அவள் இரண்டு முறை வருவாள். முதலில் பண்டிதருக்கு ஒரு தம்ளர். திரும்பிப் போய் அப்பாவுக்கு ஒரு தம்ளர். ரவிக்கை எங்கே பிறந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர்கூட, ஏனம்மா இரண்டு நடை நடக்கிறாய் என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அத்தை அப்படித்தான் நடப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அத்தைக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. அப்பா படித்துவிட்டுப் போடுகிற பேப்பரைக் கரித்துண்டால் கோடு போட்டுத் திருத்துவாள். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். நவராத்திரிக்கு முந்தின வாரம் அம்மா அவளை மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சர் டிரெயினிங் அங்கே உண்டு. நானும் போனேன். பெரிய டீச்சரம்மா நம் தமிழ்க் கிறிஸ்தவர்தான், மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவை. அத்தையை ஒரு பாடம் படிக்கச் சொன்னார். தண்ணீர் மாதிரி படித்தாள். பிறகு, "போர்டுல ஒரு வரி எழுதும்மா," என்றார்.

அத்தை சாக்குக் கட்டியை எடுத்தாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கையோடு முந்தானையும் ஏறியது. சட்டென்று இறக்கிக்கொண்டாள். பிறகு இடுப்பு உயரத்தில், போர்டின் கீழ்மூலையில், குனிந்து ஒரு வரி எழுதினாள். கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது.

டீச்சரம்மா கோபிக்கவில்லை. "படிப்பு போதும்மா. ஆனா ரவிக்கை போட்டுக்கிட்டு வந்தாதான் நான் சேர்த்துக்க முடியும். நாள் பூரா கையைத் தூக்கற வேலை இது. கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு தொறக்கிற அன்னிக்கு வா. வீட்டுப் பெரியவங்க கையெழுத்து போட்ட பாரத்தோட வா," என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

அன்று மாலை அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "டிரெயினிங் போகட்டும். நல்லதுதான். காலம் மாறுது," என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆனா ரவிக்கை மட்டும் வேண்டாம்."

"அது இல்லாம சேர்த்துக்க மாட்டாங்களாம்," என்றாள் அம்மா.

"அப்போ சேர வேண்டாம். நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது, இவ அத்தை அறுத்துட்டு ரவிக்கை போட்டுக்கிட்டு ஊர் சுத்தினவன்னு நாலு பேர் சொல்லிக்காட்டுவாங்க. இதுக்கு மேல பேசாதே."

இந்தப் பொண்ணு என்றால் நான். ஒன்பது வயதில், எனக்கு வரப்போகிற ஒரு மாப்பிள்ளைக்காக என் அத்தை குளிரில் நடுங்க வேண்டும் என்று ஆயிற்று. பிற்பாடு என்னை மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். மூன்றுக்கும் காரணம் என் பல். அத்தையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நவராத்திரி வந்தது. ரவிக்கைத் துண்டுகளின் கதை உங்களுக்குத் தெரியாததா? கொலுவுக்கு வருகிற சுமங்கலிகளுக்கு வெற்றிலைபாக்கு, மஞ்சள், தேங்காய், அதோடு ஒரு ரவிக்கைத் துண்டு. வாங்கினவள் அதைத் தைத்துக்கொள்வாளா? மாட்டாள். அடுத்த வீட்டுக்குக் கொடுப்பாள். அங்கிருந்து அது ஒக்கலிபுரத்துக்குப் போகும், ஆனேக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போகும், இரண்டு வருஷம் கழித்து நம் வீட்டுக்கே வரும். ஓரத்தில் மைப்பொட்டு விழுந்த ஒரு பச்சைத் துண்டு எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தது. அம்மா அதைப் பார்த்ததும், "வந்துட்டியாடி அம்மா," என்று கேட்பாள்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். கூடம் நிறையப் பெண்கள். பக்கத்து வீட்டுக் கன்னடத்தம்மா பாடிக்கொண்டிருந்தாள். சாம்பிராணிப் புகையில் பொம்மைகளெல்லாம் மிதக்கிற மாதிரி இருந்தது. அத்தை கொலு இருக்கிற இடத்துக்கு வரக் கூடாது. சமையலறை வாசற்படிக்கு உள்ளே, இருட்டில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கை ஒழியவில்லை. ஒரு தட்டை என்னிடம் கொடுத்து, "யாருக்கு இன்னும் வரலையோ பார்த்து, அவங்களுக்குக் கொடுத்துட்டு வாடி," என்றாள்.

நான் பார்த்தேன். ஒவ்வொரு மடியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லார் மடியிலும் இருந்தது. அத்தை மடியில் மட்டும் இல்லை. நேரே போய்த் தட்டை நீட்டினேன்.

அத்தை என்ன நினைத்தாளோ. பாட்டு மயக்கமோ, பழக்கமோ. தாம்பூலத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும் இல்லையா? முந்தானையை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கிவிட்டாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு. மெல்லிய வெள்ளைக் கரை. அது இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது.

பாட்டு நின்றது. "ஐயையோ, என்ன காரியம்டி இது!" என்று யாரோ கத்தினார்கள். அம்மா வெளிறிப்போனாள். அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. துண்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினாள். யார் வாங்குவார்கள்? கொடுத்த தாம்பூலத்தைத் திரும்ப வாங்கினால் அம்பாளை அவமதித்த மாதிரி. அறுத்தவள் கை பட்டதை இன்னொரு சுமங்கலிக்கும் கொடுக்க முடியாது. கன்னடத்தம்மாதான் எழுந்து வந்தாள். "ஹோகலி பிடீம்மா, போகட்டும் விடுங்க. மகு தானே, குழந்தைதானே? தேவியே கொடுத்தான்னு வெச்சுக்கோங்க," என்று பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சொல்லி, என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஊரெல்லாம் சுற்றுகிற சாமான், அந்த ஒன்று மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அம்மா எனக்கு முதுகில் இரண்டு வைத்தாள், பிறகு அவளே அழுதாள். அப்பா, "பெட்டியில வெச்சுப் பூட்டு. யாரும் எடுக்க வேண்டாம்," என்றார். அத்தையின் தகரப் பெட்டிக்குள் அது போயிற்று.

குளிர் இறங்கியது. விடியற்காலையில் அத்தை கிணற்றடிக்குப் போவாள், நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போவேன். பனியில் கிணறு தெரியாது, ராட்டினச் சத்தம் மட்டும் கேட்கும். தண்ணீர் இறைக்க இரண்டு கையும் வேண்டுமே. அங்கே ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் தோளோடு இறைப்பாள். தோளெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருக்கும். "குளிருதா அத்தே?" என்று கேட்டால், "இல்லடி, பழகிடுச்சு," என்பாள். பல் கிடுகிடுவென்று ஆடும்.

ஒரு நாள் அம்மா பின்கதவில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். அத்தை குடத்தோடு உள்ளே வரும் வரை காத்திருந்தாள். பிறகு அடுப்பை மூட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி, "பெட்டியிலேயே கிடந்தா துணி பூச்சி அரிச்சிடும்," என்றாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணி?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. பூச்சி அரிச்சிடும்னுதான் சொன்னேன்."

இப்போது சிக்கல் அளவில் வந்தது. தையல்காரர் பெண்களைத் தொட்டு அளவெடுக்கிற காலமா அது? பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு அனுப்புவோம், அதைப் பார்த்து வெட்டுவார். அத்தையிடம் பழைய ரவிக்கை ஏது? அம்மாவுடையது அவளுக்கு மூட்டை மாதிரி இருக்கும். கடைசியில் அத்தை பூக்கட்ட ஊறவைத்திருந்த வாழைநாரை எடுத்துவந்தாள். அப்பா ஆபீஸ் போன பிறகு, பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நான் அளந்தேன். உயரத்துக்கு ஒரு நார், அதில் ஒரு முடிச்சு. மார்புச் சுற்றளவுக்கு ஒரு நார், இரண்டு முடிச்சு. கைக்கு ஒன்று, மூன்று முடிச்சு. ஈர நார் தோளில் பட்டதும் அத்தை நெளிந்தாள். "குறுகுறுக்குதுடி, சும்மா இரு!" என்று சிரித்தாள். அத்தை சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் துணியையும், ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த நாரையும் எடுத்துக்கொண்டு தண்டுப் பக்கம் போனேன். நேராகப் போனேனா? ஏரியில் பட்டாளத்துக்காரர்கள் குதிரைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். குதிரைமேல் தண்ணீர் வழிந்து சாயங்கால வெயிலில் பளபளத்தது. நாரை ஒரு செடிமேல் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் குதிரைகள்தான் வருகின்றன.

தையல்காரர் தாடிக்காரர். தக்கினி உருதுவும் தமிழுமாகப் பேசுவார். பட்டாளத்து உடுப்பு தைக்கிற கை, சுவரெல்லாம் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுகள் தொங்கும்.

"அரே, இது இன்னா பாப்பா, பூ கட்டற நாரா? அளவு ஜாக்கெட் எங்கே?"

"அளவு ஜாக்கெட் இல்லை. இதுதான் அளவு."

"யாருக்கு?"

"எங்க அத்தைக்கு. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கிற அன்னிக்கு வேணும்."

மிஷின் நின்றது. எங்கள் வீடு அவருக்குத் தெரியும். "ஐயாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் மூன்று நாரையும் தொடைமேல் நீட்டி வைத்து முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார். "பட்டாளத்துக்காரன் போடறதும் ஜாக்கெட்டு. துரைசாணி போடறதும் ஜாக்கெட்டு. உங்க வீட்டுப் பொம்பளைங்க போடறதும் ஜாக்கெட்டு. நமக்கு எல்லாம் ஒரே கத்திரிதான். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடி வா பேட்டி," என்றார். சின்னப் பெண்களையெல்லாம் மகளே என்று அவர் பாஷையில் அப்படித்தான் கூப்பிடுவார். ஜாக்கெட் என்று இன்றைக்கு நாம் சொல்கிற வார்த்தை எந்தக் கடையிலிருந்து எந்த வீட்டுக்கு நடந்து வந்தது என்று என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அப்பாவின் நோட்டில் அது இல்லை.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது ரவிக்கையை வாங்கி வந்தேன். கழுத்து மூடி, முழங்கை வரைக்கும் கை வைத்து, முன்னால் ஆறு பொத்தான். அத்தை கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். ஒரு பொத்தான்கூட எட்டவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குன்னு எழுதியிருக்கிறது இவ்வளவுதான்," என்றாள். அவள் அழுததைப் பார்த்து நானும் ஓவென்று அழுதேன். ஏன் எட்டவில்லை என்று இருவருக்குமே தெரியவில்லை.

ரவிக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடினேன். தையல்காரர் அதைப் பார்த்தார், நாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வர்ற வழியில நாரை எங்கே காயப் போட்டே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஈர நாரு காஞ்சா சுருங்கும் பேட்டி. அழாதே, அழாதே. உள்ளே ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன். ஒடம்பு இன்னிக்கு இருக்கிற மாதிரியா நாளைக்கு இருக்கும்?" என்று சொல்லி, அங்கேயே தையலைப் பிரித்தார். நான் படியில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தேன். பிரித்த இடத்தில் மடிந்திருந்த துணி வெளியே வந்தது.

மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பாரம் கையெழுத்து இல்லாமல் அடுப்பு மேடையில் கிடக்கிறது. முன்கூடத்தில் பண்டிதரும் அப்பாவும் உட்கார்ந்தாயிற்று. பண்டிதர் அன்றைக்குப் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்து வந்திருந்தார். இறுக்கு என்பதிலிருந்துதான் அந்த வார்த்தை பிறந்ததாம். அப்பா தொடையைத் தட்டி மறுத்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். அம்மா சமையலறையில் என்னைவிடப் பயந்துபோய் நின்றாள்.

அத்தை வந்தாள். வெள்ளைப் புடவை, கத்தரிப்பூ ரவிக்கை. முந்தானை அதுபாட்டுக்குத் தோளில் கிடந்தது. இரண்டு கையிலும் இரண்டு தம்ளர். ஒரே நடையில் வந்து, குனிந்து, பண்டிதருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று வைத்தாள்.

பண்டிதர் பேச்சை நடுவில் விட்டார். அப்பா தம்ளரைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார்.

"என்னது இது?" குரல் எழும்பவில்லை. "யாரைக் கேட்டு?"

அத்தை போகவில்லை. "அண்ணா, மூணு மாசமா ரவிக்கை எங்கேருந்து வந்ததுன்னு பேசறீங்க. தெலுங்கா, கன்னடமான்னு பார்த்தீங்க. அது எனக்கு எங்கேருந்து வரும்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

வெளியே யாரோ கழுதை ஓட்டிக்கொண்டு போனார்கள். பண்டிதர் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். "இன்னொரு நாள் வரேன்," என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அப்பா நோட்டை மூடினார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. அத்தை ரவிக்கையைக் கழற்றவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மறுநாள் விடிந்தபோது வீடெல்லாம் பனி. அப்பா இல்லை. ஆபீசுக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே புறப்பட்டுப் போயிருந்தார். தொலைந்தது என்று நினைத்தேன். அம்மா அடுப்பு மேடைக்குப் போனாள். பாரத்தின் மேல் ஒரு காலித் தம்ளர் இருந்தது. அம்மா தம்ளரை எடுத்துவிட்டு, காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்னடி போட்டிருக்கு? படி, படி," என்று என்னை அவசரப்படுத்தினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தது.

அத்தையும் நானும் ஏரிக்கரை வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். தண்ணீரும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் மட்டும் அசைந்துகொண்டே வந்தது. அத்தை ஒரு கையில் பாரம் வைத்திருந்தாள். இன்னொரு கையில் என் கையைப் பிடித்திருந்தாள். அதற்கு முன் தெருவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததே இல்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அத்தை டீச்சர் ஆனாள். பிறகு பெரிய டீச்சர் ஆனாள். போர்டின் உச்சியில்தான் தேதி எழுதுவாள் என்று அவளிடம் படித்தவர்கள் சொல்வார்கள். பண்டிதர் சில வாரம் கழித்து வந்தார். வேறு வார்த்தைகளைப் பேசினார்கள். அப்பா அத்தையிடம் ரவிக்கையைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. கையெழுத்தை அவர் பாசத்தால் போட்டாரா, பண்டிதர் முன்னால் பட்ட வெட்கத்தால் போட்டாரா என்று ரொம்ப வருஷம் யோசித்திருக்கிறேன். கல்நெஞ்சுக்காரர் என்று மனசுக்குள் திட்டியும் இருக்கிறேன். அந்தக் கத்தரிப்பூ ரவிக்கை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அம்மா கரித்துணியாக ஆக்கியிருப்பாள்.

அப்பா போன பிறகு அவருடைய நோட்டு என்னிடம் வந்தது. சிவப்புத் துணி பழுப்பேறியிருந்தது. ஒரு மழைநாள் மத்தியானம் அத்தை என் வீட்டுக்கு வந்திருந்தபோது, சும்மா புரட்டினேன். ரவிக்கை என்ற தலைப்பில் இரண்டு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். சூரியன், கை, தெலுங்கு, கன்னடம், இறுக்கு. எல்லாவற்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். பாங்கிக்காரரே, நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் அப்பா எழுதின விடை அதற்குக் கீழே இருந்தது. ஒரே வரி.

"தங்கை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை."

நோட்டை அத்தையிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மூணு மாசம் ஓயாம பேசினவரு. இந்த ஒரு வரியை என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடி."